அரக்கன் கையில் அப்பாவின் பறை

"ஏண்டா, இது நம்ம மோளந்தான?" என்று அம்மா கேட்டபோது, நான் கம்ப்யூட்டரில் ஒரு அரக்கனுக்குப் பல் வைத்துக்கொண்டிருந்தேன்.

புத்தகங்களுக்கு அட்டை வரைவது என் பிழைப்பு. நான்கு பாகமாக வரவிருந்த ஒரு மாயாஜால நாவல் தொடருக்கு வரையச் சொல்லியிருந்தார்கள். நல்ல காசு. கதை இதுதான்: மதில் சூழ்ந்த ஒரு நகரம். உள்ளே ஒளியின் மக்கள். மதிலுக்கு வெளியே இருளின் கூட்டம். இவர்கள் செத்த மாட்டைத் தின்பார்கள், முரசடித்துக்கொண்டு இரவில் வருவார்கள். நகரத்துக்கு ஒரு சின்னம், கூட்டத்துக்கு ஒரு சின்னம் வேண்டும், நான்கு பாகத்திலும் அது தொடர்ந்து வரவேண்டும் என்றார்கள். நகரத்துக்குச் சூரியனும் வாளும் போட்டேன். கூட்டத்துக்கு என்ன போடுவது?

எங்கள் வீட்டுப் பரணில் அப்பாவின் பறை இருக்கிறது. மூன்று மரத்துண்டுகளை இரும்புப் பட்டையால் இணைத்த சட்டம். புளியங்கொட்டைப் பசையில் ஒட்டிய மாட்டுத்தோல். வைக்கோலைக் கொளுத்தி அனல் காட்டினால்தான் அதற்குக் குரல் வரும். அதைப் போனில் படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் ஒரு லேயராகப் போட்டு, மேலே ரத்தக்கறை தெளித்து, கறுத்த ஒரு கையில் கொடுத்துவிட்டேன். பதிப்பகத்தில் எல்லாருக்கும் பிடித்துப்போனது. "ரொம்ப நிஜமா இருக்கு" என்றார்கள். இருக்காதா பின்னே? அது நிஜம்தானே.

முதல் பாகம் அப்படியே அச்சாகி வந்தது. இரண்டாம் பாகத்துக்கு வரைந்துகொண்டிருந்தபோதுதான் அம்மா திரையைப் பார்த்தது. "ஒங்கப்பன் இத அடிச்சித்தான ஒன்னப் படிக்க வெச்சாரு. அத எதுக்குடா பேய்கிட்ட குடுத்த?" கோபமில்லை அந்தக் குரலில். தெரிந்துகொள்ளத்தான் கேட்டது. என்னிடம் பதில் இல்லை.

பிறகு எனக்கு நானே சில பதில்களைச் சொல்லிப் பார்த்தேன்.

முதல் பதில்: இது கற்பனை, கற்பனைக்கு ஏது சாதி? ஆனால் கற்பனை ஒன்றும் வானத்திலிருந்து விழுவதில்லை. ஊருக்கு வெளியே ஒரு கூட்டத்தைக் குடிவைத்துப் பழகிய மனம், கதை கட்டும்போதும் மதிலுக்கு வெளியேதான் அரக்கனைக் குடிவைக்கும். மகாத்மா ஜோதிராவ் புலே 1873இல் 'குலாம்கிரி'யில் அவதாரக் கதைகளைத் திருப்பி வாசித்தார். தோற்கடிக்கப்பட்ட பலி அவருக்கு அரக்கன் அல்ல, உழைக்கும் மக்களின் நல்ல அரசன். அரக்கன் என்ற பெயரை வைத்தவன் யார் என்று கேட்டுவிட்டால் கதையே வேறாகிவிடுகிறது.

இரண்டாவது பதில்: நான் வெறும் கூலிக்காரன், எழுதியவன் எழுதினான், நான் வரைந்தேன். இந்தப் பதில் கொஞ்சநாள் நிம்மதி தந்தது. ஆனால் அர்சுலா லெ குவின் என்கிற அமெரிக்க எழுத்தாளரின் அனுபவம் அதையும் கெடுத்துவிட்டது. 1968இல் வெளிவந்த அவருடைய 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' நாவலின் நாயகன் கெட் செம்பழுப்பு நிறத்தவன். அந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பாலானோர் பழுப்பும் கறுப்புமானவர்கள். வேண்டுமென்றேதான் அப்படி எழுதினார். ஆனால் பின்னால் வந்த பதிப்புகளின் பல அட்டைகளில் கெட் வெள்ளைக்காரனாக நின்றான். 2004இல் தொலைக்காட்சித் தொடராக வந்தபோதும் வெள்ளை நடிகர்தான். லெ குவின் அதைக் கண்டித்து வெளிப்படையாக எழுதினார். எழுத்தில் கறுத்தவனை அட்டையில் வெளுக்கவைக்க முடிகிறது என்றால், வரைகிறவன் வெறும் கை அல்ல. அவனும் கதை சொல்கிறான். என் கதையிலோ எழுதியவர் 'முரசு' என்றுதான் எழுதியிருந்தார். அதைப் பறையாக்கியது நான்.

இங்கேதான் என் குற்றம் நிற்கிறது. அவருக்குத் தெரியாத எங்கள் வீட்டுப் பொருளை நானே பரணிலிருந்து இறக்கிக் கொடுத்தேன்.

மூன்றாவதாக ஒரு சமாதானம் தோன்றியது. திருப்பிப் போட்டுவிட்டால் என்ன? அரக்கனை வெளுப்பாகவும் நாயகனைக் கறுப்பாகவும் ஆக்கிவிட்டால்? அதில் ஒரு சந்தோஷம் இருக்கிறதுதான். ஆனால் மதில் அப்படியே இருக்கும். உள்ளே இருப்பவன் மனிதன், வெளியே இருப்பவன் மிருகம் என்கிற கணக்கு அப்படியே இருக்கும். நமக்கு வேண்டியது மதிலுக்குள் ஓர் இடமா, மதிலே இல்லாத ஊரா?

தமிழகத்தில் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் ஆட்கள் எத்தனையோ ஊர்களில் மறுத்தார்கள். அடியும் வாங்கினார்கள். 1990களில் அதே பறையைத் தலித் கலைவிழாக்களில் மேடையேற்றி, இது இழிவின் அடையாளமல்ல, எங்கள் விடுதலையின் குரல் என்றார்கள். ஒரே தோல், ஒரே குச்சி. அடிக்கச் சொன்னவனுக்காக அடித்தால் ஒரு பொருள், நமக்காக அடித்தால் இன்னொரு பொருள். குறியீட்டின் பொருளை யார் தீர்மானிப்பது என்பதற்காக அவர்கள் வயிற்றையும் உடம்பையும் பணயம் வைத்தார்கள். அதன் பலனில் படித்து வந்த நான், குளிர்சாதன அறையில் உட்கார்ந்து அதை அரக்கனுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன்.

இரண்டாம் பாகத்துக்கு வேறொன்று வரைந்தேன். மதிலை வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி. பெரிய கதவு, மூடியிருக்கிறது. முன்னால் ஒரு பிள்ளை நிற்கிறது, முதுகு மட்டும்தான் தெரியும். பறை இல்லை, ரத்தம் இல்லை. பதிப்பகத்தில் பார்த்துவிட்டு, "வில்லன் கூட்டத்து மேல பாவம் வந்துருமே சார்" என்றார்கள். ஆமாம், அதற்குத்தான் என்றேன். காரணத்தையும் சொன்னேன். "ஃபேண்டஸியில போயி யாரு சார் சாதி பாக்கப் போறாங்க?" என்று சிரித்தார்கள். மீதிப் பாகங்கள் வேறொருவருக்குப் போயின. அந்த மாதம் வீட்டு வாடகைக்குக் கடன் வாங்கினேன்.

இதைத் தியாகமாகச் சொல்லவில்லை. முதல் பாகம் இன்னும் கடைகளில் இருக்கிறது. உள்பக்கத்தில் 'அட்டை ஓவியம்' என்று என் பெயர் இருக்கிறது. அதற்கு வாங்கிய பணமும் செலவாகிவிட்டது. ஒரு சேரிப் பிள்ளை அந்தப் புத்தகத்தை எடுத்து, அரக்கன் கையில் தன் தாத்தாவின் பறையைப் பார்த்தால், அம்மா கேட்ட கேள்வியைத்தான் கேட்கும். அது கேட்கும்போது நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். அதனால்தான் பதிலை இங்கே எழுதி வைக்கிறேன்: பிள்ளே, அது பேயோட மோளம் இல்ல. நம்மோடது. தப்பா வரஞ்சவன் நான்தான்.