ஆறும் அறத்தாறும்

தமிழில் ‘ஆறு’ என்னும் சொல் இரு பொருள் தரும். நீர் ஓடும் வழியும் ஆறே. மாந்தர் ஒழுகும் வழியும் ஆறே. அதனாலன்றோ அறநெறியை ‘அறத்தாறு’ என்றனர் முன்னோர்! ஒரு சொல் இவ்விரு பொருளையும் சுமப்பது தற்செயலாக இருக்கலாம். ஆயினும், ஒரு நகரத்து மக்கள் தம் ஆற்றை எவ்வாறு நடத்துகின்றனர் என்பதைக் கொண்டு அவர்தம் வாழ்க்கை நெறியை அளந்துவிடலாம். கோலாலம்பூரை ஊடறுத்து ஓடும் கிள்ளான் ஆறு அத்தகைய ஓர் அளவுகோல். அது ஒரு வினாவையும் எழுப்புகிறது: ஆற்றின் அழகைத் துய்க்க விரும்புவோர் அந்த ஆற்றுக்குப் பட்ட கடன் யாது?

கோலாலம்பூர் என்னும் பெயரிலேயே ஆறு இருக்கிறது. ‘கோலா’ என்பது ஆறுகள் கூடும் இடம். ‘லும்பூர்’ என்பது சேறு. 1857ஆம் ஆண்டில் கிள்ளானை ஆண்ட ராஜா அப்துல்லா அனுப்பிய சீனத் தொழிலாளர் 87 பேர், ஈயம் தேடிப் படகில் வந்தனர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் கூடும் முனையில் கரையேறி, காட்டு வழியே அம்பாங்குக்கு நடந்தனர். ஒரு திங்களுக்குள் அவருள் 18 பேரே எஞ்சினர்; ஏனையோரைக் காட்டுக் காய்ச்சல் கொண்டது என வரலாறு கூறும். அவர்கள் இறங்கிய துறையைச் சுற்றியே நகரம் வளர்ந்தது. அன்று ஆறே சாலை. ஆறே வாணிக வழி. ஆறே ஊரின் முகப்பு.

1886இல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே இருப்புப்பாதை ஓடத் தொடங்கியது. அப்பாதையை நம்பி வாழ்ந்த தமிழர் பலர் குடியமர்ந்த பிரிக்பீல்ட்சும் கிள்ளான் ஆற்றை ஒட்டிய ஊரே. இருப்புப்பாதை வந்தது, ஆறு வேலையிழந்தது. ஈயச் சுரங்கங்களின் மண் அதன் வயிற்றை நிரப்பியது. 1926ஆம் ஆண்டிலும் 1971ஆம் ஆண்டிலும் பெருவெள்ளம் நகரை மூழ்கடித்தது. வேலையிழந்த ஆறு அச்சத்திற்கும் உரியதாயிற்று. அதனை நேராக்கினர், ஆழப்படுத்தினர், நகருக்குள் அதன் கரைகளைச் சிமெண்டுச் சுவர்களாக்கினர். கட்டடங்கள் ஆற்றுக்குப் புறமுதுகு காட்டி நின்றன. முகப்பு சாலையைப் பார்த்தது. கழிவுக்குழாய் ஆற்றைப் பார்த்தது. காணாத இடத்தில் கொட்டுவது மனித இயல்பு. மக்கள் பார்க்க மறந்தனர். அதனால் ஆறு கெட்டது. ஆறு கெட்டது, அதனால் மக்கள் பார்க்க மறுத்தனர்.

இவ்வளையத்தை எங்கே அறுப்பது? சட்டம் அறுக்கும் என்பர் சிலர். 1974ஆம் ஆண்டிலேயே மலேசியாவில் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இயற்றப்பட்டது. அறிவுரை அறுக்கும் என்பர் வேறு சிலர். 1993இல் ‘நம் ஆறுகளை நேசிப்போம்’ என்னும் இயக்கம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. இரண்டும் தேவையே, இரண்டும் போதவில்லை. பின்னர், 2010ஆம் ஆண்டை அடுத்த காலத்தில், 400 கோடி ரிங்கிட்டுக்கும் மேற்பட்ட செலவில் ‘ரிவர் ஆப் லைப்’ என்னும் பெருந்திட்டம் வகுக்கப்பட்டது. அத்திட்டத்தின் இரண்டு எண்கள் சிந்திக்கத்தக்கவை. தூய்மைப்படுத்த வேண்டிய ஆற்று நீளம் 110 கிலோமீட்டர். அழகுபடுத்த வேண்டிய நீளம் 10.7 கிலோமீட்டர். 2020ஆம் ஆண்டுக்குள் நீரின் தரத்தை ‘இரண்டு பி’ வகுப்புக்கு உயர்த்துவது குறிக்கோள். உடல் நனைய விளையாடத் தகுந்த நீர் என்பது அவ்வகுப்பின் பொருள்.

1909இல் எழுந்த மஸ்ஜிட் ஜாமெக் பள்ளிவாசலைத் தழுவி இரண்டு ஆறுகளும் கூடும் இடம், 2017ஆம் ஆண்டில் புதுக்கோலம் பூண்டது. இரவில் நீல ஒளி படர்ந்தது. செயற்கைப் பனிமூட்டம் நீர்மேல் தவழ்ந்தது. குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து நின்றனர். ஆனால், பகலில் அதே இடத்தில் ஓடுவது கலங்கிய பழுப்பு நீர். குறிக்கோளுக்கு உரிய ஆண்டு கடந்த பின்னரும் எந்தத் தாயும் தன் குழந்தையை அந்நீரில் விளையாட விடுவதில்லை. அப்படியாயின் அந்த நீல ஒளி பொய்யா?

பொய்யே என்பார் கூற்றில் உண்மை உண்டு. நோயுற்றவனுக்கு மருந்து தராமல் பட்டாடை உடுத்துவது போன்றது அது என்று அவர்கள் சொல்லக்கூடும். எனினும், ஒரு நூற்றாண்டுக் காலம் புறமுதுகு காட்டிய மக்களை ஆற்றின் பக்கம் முகம் திருப்பச் செய்தது அவ்வொளியே. முகம் பாராத ஒன்றின்மீது அன்பு பிறப்பதில்லை. அன்பு பிறவாத ஒன்றை எவரும் காப்பதில்லை. ஆகவே, அழகு பொய்யாவதும் மெய்யாவதும் அதனைக் காண்போர் கையில் இருக்கிறது. கண்டு மகிழ்ந்து திரும்பிவிட்டால் அது பொய். கண்டவர் உள்ளத்தில் ‘இந்நீர் ஏன் இப்படி இருக்கிறது?’ என்னும் கேள்வி எழுந்தால் அது மெய்யின் வாயில்.

ஆற்றின்பம் தமிழர்க்குப் புதிதன்று. பரிபாடலின் வையைப் பாடல்கள் மதுரை மக்களின் புனலாட்டைக் கொண்டாடுகின்றன. அவற்றுள் ஒரு குறிப்பு உண்டு. நீராடியோர் பூசிய சாந்தும் நறுமணப் பொருளும் கள்ளும் கலந்து வையை வழுவழுப்பாகிவிடவே, அந்தணர் அதில் நீராடாது ஒழிந்தனராம். புலவர் இதை நகைச்சுவை தோன்றவே கூறுகிறார். ஆயினும் அதில் ஓர் உண்மை பொதிந்திருக்கிறது. வெறுப்பு மட்டுமன்று, மகிழ்ச்சியும் ஆற்றைக் கலக்கும். அன்று கலந்தது சாந்து. அடுத்த வெள்ளத்தில் அது கரைந்து போயிற்று. இன்று கலப்பது உணவகத்து எண்ணெய், சந்தைக் கழிவு, வீட்டுச் சாக்கடை, கரையாத பிளாஸ்டிக். பத்துமலைத் தைப்பூசத்தில் காவடி எடுப்போர் சுங்கை பத்து ஆற்றங்கரையில் நீராடிப் புறப்படுவது நெடுநாள் வழக்கம். அந்நீர் கோம்பாக்கோடு கலந்து, கிள்ளானோடு கூடிக் கடலுக்குச் செல்கிறது. உடலையும் உள்ளத்தையும் தூய்மை செய்ய ஆற்றை நாடும் கை, உணவுப் பொட்டலத்தை அதே கரையில் விட்டுச் செல்லுமாயின், அங்கே தூய்மை பெற்றது எது?

‘ஒருவர் எறியும் ஒரு பொட்டலத்தால் ஆறு கெட்டுவிடுமா?’ என்று கேட்கலாம். கெடாது. அதுவே இத்தீமையின் கொடுமை. கொலைக்குக் கொலைஞன் உண்டு. ஆற்றின் சாவுக்குத் தனியொரு கொலைஞன் இல்லை. ஒவ்வொருவர் பங்கும் மிகச் சிறிது. அதனால் ஒவ்வொருவரும் தம்மைக் குற்றமற்றவர் எனக் கருதிக்கொள்ள முடிகிறது. ‘வரி செலுத்துகிறோம், தூய்மை செய்வது அரசின் கடமை’ என்று மற்றொரு வாதமும் எழும். சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் நிலையங்களை ஒரு தனிமனிதன் கட்ட இயலாது. அது அரசின் கடமையே. ஆனால், சமையலறைத் தொட்டியில் எண்ணெயை ஊற்றும் கையைப் பிடித்து நிறுத்த எந்த அரசாலும் இயலாது. அங்கே காவல் நிற்பது மனச்சான்று ஒன்றே.

அம்மனச்சான்றை எழுப்பவல்ல ஒரு சொல் தமிழர் வேளாண்மையில் உண்டு. அது ‘கடைமடை’. வாய்க்காலின் தலைப்பில் நிலம் உடையவன் முதலில் நீர் பெறுவான். கடைமடைக்காரன் இறுதியில் பெறுவான். தலைப்பில் இருப்பவன் பேராசை கொண்டால் கடைமடை வறண்டு போகும். ஆகவேதான் ஊர் கூடி முறை வைத்தது. குடிமராமத்து என்று ஊர் மக்களே வாய்க்காலைத் தூர்வாரினர். கடைமடைக்காரன் தலைமடைக்காரனின் முகத்தை நாள்தோறும் காண்பதில்லை. ஆயினும் அவனுக்குப் பங்கு உண்டு என்று ஒப்புக்கொண்டதே அந்த அறம்.

கிள்ளான் நகரம் கோலாலம்பூரின் கடைமடை. கோம்பாக் மலைப்பகுதியில் தோன்றும் இவ்வாறு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் ஓடி, கிள்ளானைக் கடந்து மலாக்கா நீரிணையில் கலக்கிறது. மேலே, 1950களின் இறுதியில் எழுந்த கிள்ளான் கேட்ஸ் அணையில் அது குடிநீர். நடுவே நகருக்குள் அது சாக்கடை. கீழே அது பிறர் வாசலில் வந்து நிற்கும் குப்பை. 2019ஆம் ஆண்டு முதல், நெதர்லாந்தைச் சேர்ந்த ‘தி ஓஷன் கிளீனப்’ அமைப்பின் மிதவை இயந்திரம் ஒன்று கிள்ளான் ஆற்றில் நின்று, கடலை நோக்கி வரும் குப்பையை அள்ளத் தொடங்கியது. எங்கோ உள்ள மாந்தர் செய்த கருவி, எங்கோ மேலே எறியப்பட்ட பொருளை அள்ளுகிறது. 2021 டிசம்பர்ப் பெருவெள்ளத்தில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடாவிலும் கிள்ளானிலும் வீடுகள் மூழ்கின. அதற்குப் பெருமழையே முதற்காரணம். ஆயினும், மேலிருந்து வரும் நீர் வெறும் நீராக வருவதில்லை என்பதை வீட்டுச் சேற்றை வாரியோர் அறிவர்.

முயன்றால் ஆறு மீளும் என்பதற்கு அண்டை நாடே சான்று. 1977இல் சிங்கப்பூர்ப் பிரதமர் லீ குவான் யூ பத்தாண்டுக் கெடு விதித்தார். 1987இல் சிங்கப்பூர் ஆறு தூய்மையுற்றது. ஆனால், அவ்வெற்றிக்கு விலை கொடுத்தோரையும் மறத்தலாகாது. ஆற்றை நம்பிப் பிழைத்த அங்காடி வணிகர் இடம் பெயர்ந்தனர். பன்றிப் பண்ணைகள் அகற்றப்பட்டன. 1983இல் சரக்குப் படகுகள் பாசிர் பாஞ்சாங்குக்கு அனுப்பப்பட்டன. ஒரு சாராரின் பிழைப்பு பெயர்க்கப்பட்ட இடத்தில் மற்றொரு சாரார் மாலையில் உலவுகின்றனர். அம்மகிழ்ச்சி தவறன்று, ஆனால் அது கடன்பட்ட மகிழ்ச்சி. தூய்மையின் சுமையை எளியோர் தலையில் ஏற்றி, அதன் இன்பத்தை வலியோர் துய்ப்பாராயின், ஆறு தூய்மையாகும், அறம் தூய்மையாகாது.

இனி, தொடக்கத்தில் எழுந்த வினாவுக்கு விடை காணலாம். ஆற்றைத் துய்க்கும் உரிமை எல்லார்க்கும் உண்டு; அவ்வுரிமையை மறுப்பது ஆற்றை மீண்டும் அநாதையாக்குவதாகும். ஆனால், துய்ப்பவர் எவரும் தமக்குக் கீழே ஒரு கடைமடை உண்டு என்பதை மறத்தலாகாது. கரையில் நின்று காண்பது இன்பத்தின் முதற்படி. தாம் விட்ட நீரைக் கீழூரில் உள்ள ஒரு குழந்தை தொடலாம் என்று துணிந்து சொல்ல முடிவதே அதன் முடிந்த படி.

தமிழ்ப் பள்ளி மாணவர்க்கு ஆற்றைப் பற்றிக் கட்டுரை எழுதப் பயிற்றுவது எளிது. அவர்களைக் கரைக்கு அழைத்துச் சென்று, ‘இந்நீர் இங்கிருந்து எங்கே போகிறது? அங்கே யார் இருக்கிறார்கள்?’ என்று கேட்பது அரிது. அவ்வினாவுக்கு ஒரு மாணவன் கிள்ளானில் வாழும் தன் பாட்டியின் வீட்டை விடையாகச் சொல்வானாயின், அன்று அவன் ‘ஆறு’ என்னும் சொல்லின் இரு பொருளையும் கற்றவன் ஆவான்.