காரியக்கூவின் படகுச் சடங்கு: தேவையா, நினைவா?

கிரெனடாவைச் சேர்ந்த காரியக்கூ தீவின் விண்ட்வார்ட் கிராமத்தில், ஸ்காட்லாந்து வழிவந்த குடும்பங்கள் வரைபடம் இல்லாமலே கடற்கரையில் பாய்மரப் படகுகளைக் கட்டிவந்தன. படகைக் கடலில் இறக்கும் நாளில் பாதிரியார் மந்திரித்த நீரைத் தெளிப்பார், ஆடு பலியிடப்படும், முன்னோருக்கு ரம் வார்க்கப்படும், ஞானப்பெற்றோர் படகுக்குத் துணை நிற்பர். கிறிஸ்தவமும் ஆப்பிரிக்க மூதாதையர் வழிபாடும் இதில் ஒன்றுகலந்தன.

பின்னர் இயந்திரக் கப்பல்கள் சரக்கு வணிகத்தை எடுத்துக்கொண்டன. கண்ணாடியிழைப் படகுகள் பெருகின. 1965இல் தொடங்கிய படகுப்போட்டி மரப்படகுகளுக்கு வேறொரு பயனைத் தந்தது. பிழைப்புக்கான பயணம் விளையாட்டானபின் சடங்குக்குப் பொருள் உண்டா?

சடங்கு காப்பு வேண்டும் மன்றாட்டு மட்டுமே என்றால், ஆபத்து குறையக் குறைய அதுவும் தேய வேண்டும். ஆனால் ரம் வார்ப்பது புயலை நோக்கியல்ல, இறந்தோரை நோக்கி. அவர்களுக்குப் பட்ட கடன் இயந்திரம் வந்ததால் தீர்ந்துவிடாது. ஆபத்தும் முற்றிலும் நீங்கவில்லை: 2024 ஜூலை 1 அன்று பெரில் சூறாவளி இத்தீவையே சிதைத்தது. எனவே சடங்கின் பயன் மாறியிருக்கலாம். அது கட்டிக்காக்கும் உறவு மாறவில்லை. பார்வையாளருக்கான காட்சியாக மட்டும் நடத்தப்பட்டால்தான் அந்த உறவு அறும்.