பந்தம் பிடித்த கை

குற்றாலம் சித்திரசபைச் சுவரில் ஆடுகிற கூத்தனின் இடக்கையில் தீ இருக்கிறது. அதற்குப் பேர் தத்துவம். எங்கள் தெருவில் கொடை அன்னைக்குக் கம்பின் இரு முனையிலும் துணியைச் சுற்றி, கம்பியால் இறுக்கி, சீமெண்ணெயில் முக்கிக் கொளுத்திச் சுழற்றுவோம். அதற்குப் பேர் வேடிக்கை.

தீயைக் கட்டி ஆள்கிற வீரர்களை சினிமாவும் கதையும் காட்டுகின்றன. நிஜத்தில் தீயை யாரும் ஆள்வதில்லை. எண்ணெயை உதறுவதிலேயே பாதி வித்தை. சொட்டினால் தோளில்தான் விழும். சுடர் எப்பவும் கம்புக்குப் பின்னால் ஓடிவரும், வேகம் குறைந்தால் நம்மைப் பிடித்துவிடும். ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியா வருகிற காற்று இருக்கே, அது தென்காசிவரைக்கும் பந்தத்தை மடக்கிப்போடும். அதுக்கு முதுகைக் கொடுத்து நிற்கணும். “நின்னா சுடும்ல, சுத்துனா சுடாது” என்பார் எனக்குக் கம்பு சொல்லித்தந்த மாமா. மண்ணைத் தொட்டு ஒரு சத்தியமும் வாங்குவார்: “நீயா ஓங்கக் கூடாது. வந்தா தடு.”

அந்த அடக்கம் எப்போது அறம், எப்போது வெறும் பயம்?

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்துக் கொளுத்தினார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள். கேட்டது அரைப்படி நெல் கூலி உயர்வு. கொளுத்தியவர்கள் எந்த வாத்தியாரிடமும் பழகவில்லை. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் நிலக்கிழார்களை விடுவித்தது. தீயை ஆள்வது என்றால் இதுதான்: சூடு தன்மேல் படாமல் வீடு போய்ச் சேர்வது. அதை மணிக்கட்டு செய்வதில்லை. நிலமும் கோர்ட்டும் செய்கின்றன.

அப்போ நாமும் பந்தத்தைத் திருப்புவோம் என்கிறார்கள் இளைஞர்கள். கோபத்தில் தப்பில்லை. அகிம்சை உபதேசிகள் அடிவாங்கினவனிடம் மட்டுமே பேசுகிறார்கள் என்பது எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மகத்தைப் பாருங்கள். 1927 மார்ச் 20, குளத்துத் தண்ணீர் குடித்தவர்களைச் சாதி இந்துக்கள் தடியால் அடித்தார்கள். கூட்டத்தில் பட்டாளத்திலிருந்து வந்தவர்கள் இருந்தார்கள். அண்ணல் ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் தடுத்தார். அடிக்கத் தெரிந்த கை நின்றது. கை ஓங்கினால் நாளைக்கு வேலை கிடையாது என்று நிற்பது வேறு. தூரத்திலிருந்து பார்த்தால் ரெண்டும் ஒண்ணுபோலத்தான் தெரியும், அதுதான் சிக்கல்.

அதே ஆண்டு, அதே டிசம்பர் 25-இல், மகத்திலேயே ஒரு சின்னக் குழி வெட்டிச் சந்தனக் கட்டை அடுக்கி மனுஸ்மிருதியைக் கொளுத்தினார்கள். ஒரு மனுசன் தோலிலும் கொப்புளமில்லை. சிலருக்கு இன்னும் எரிகிறது.

மாமா சொன்னதில் முன்பாதியைத்தான் எல்லாரும் பிடித்துக்கொள்கிறார்கள். ‘தடு’ என்பதைப் பேசுவாரில்லை. ஓலைக்கூரையில் விழுகிற தீயைக் கம்பால் எப்படித் தடுப்பது? 1989-இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தீக்கென்றே இடமிருக்கிறது: பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் குடியிருக்கிற வீட்டை அழிக்கத் தீவைத்தால் ஆயுள் தண்டனை, பிரிவு 3(2). கம்பு பழக வருகிற பிள்ளைகளுக்கு முதல் வரிசைக்கு முன்னாடியே இதைச் சொல்லிவிடுகிறேன். எஃப்.ஐ.ஆரில் அந்த எண் விழுகிறவரை ஸ்டேஷன் வாசலைவிட்டு நகரக் கூடாது என்பதையும்.