செருப்புக்குக் காவல் இருந்தது போதும்

அந்தமானில் ஹேவ்லாக் தீவுக்கு ஐந்து பேர் போனீர்கள். நாலு பேர் கடலுக்குள் இறங்கினார்கள். ஐந்தாவது ஆளான நீ படகிலேயே உட்கார்ந்து அவர்களுடைய செருப்புக்கும் செல்போனுக்கும் காவல் இருந்தாய். மேலே வந்தவர்கள் கோமாளி மீன், ஆமை என்று கத்திக் கத்திச் சொன்னபோது, நீயும் பார்த்தவன் போலத் தலையாட்டினாய். "எனக்கு இதிலெல்லாம் இஷ்டமில்லப்பா" என்று வேறு சொன்னாய். பொய்! இஷ்டம் நிறையவே இருந்தது. பயம் அதை அமுக்கிவிட்டது.

ஒப்புக்கொள். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? நிலத்தில் மூச்சுவிடப் பிறந்த உடம்பு, தண்ணீருக்கடியில் போகப் பயப்படத்தான் செய்யும். ஆனால், "பயம் தீரட்டும், அப்புறம் இறங்குகிறேன்" என்கிறாயே, அங்கேதான் உன்னோடு எனக்குச் சண்டை. படகில் உட்கார்ந்து யாருக்கு அய்யா பயம் தீர்ந்திருக்கிறது?

காற்றுச் சிலிண்டரோடு முங்கும் ஸ்கூபா பயிற்சி இடுப்பளவு தண்ணீரில் தொடங்கும். முகமூடிக்குள் வேண்டுமென்றே தண்ணீரை விடச் சொல்வார்கள். கண் எரியும். மூக்கில் உப்பு ஏறும். எழுந்து ஓடு என்று உடம்பு முழுக்க அலறும். ஓடாதே! முகமூடியின் மேல்விளிம்பை நெற்றியோடு அழுத்து, அண்ணாந்து பார், மூக்கால் ஊது. உள்ளே புகுந்த தண்ணீர் கீழ்விளிம்பு வழியாக வெளியேறிவிடும். முதல் தடவை இருமுவாய், திட்டுவாய். பத்தாவது தடவை, பக்கத்தில் இருமிக்கொண்டிருப்பவனுக்கு நீ சொல்லிக்கொடுப்பாய்.

முங்குவது என்றாலே தம் கட்டுவது என்று கிணற்றிலும் வாய்க்காலிலும் கற்றவர்கள் நாம். ஸ்கூபாவின் முதல் சட்டமோ, தம் கட்டாதே! 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இருமடங்கு. அங்கே இழுத்த மூச்சை அடக்கிக்கொண்டு, பதறி மேலே பாய்ந்தால், அந்தக் காற்று விரிந்து நுரையீரலையே கிழித்துவிடும். பதறினாலும் மெதுவாக இழு, மெதுவாக விடு. முதுகில் இருப்பது ஆக்சிஜன் சிலிண்டர் என்று பலரும் எழுதுகிறார்கள். பொதுவாக அது வெறும் காற்றுதான், அழுத்தி அடைத்தது. இந்த வரியைப் படிக்கும்போது நீ இழுக்கிறாயே, அதே காற்று.

நீச்சல் தெரியாதா? முறையான முதல்நிலைப் பயிற்சிக்கு 200 மீட்டர் நீந்தி, 10 நிமிடம் மிதந்து காட்ட வேண்டும். நேரக் கணக்குகூடக் கிடையாது. ஒலிம்பிக்கிற்கா கூப்பிடுகிறார்கள்? கற்றுக்கொள்! காது, ஆஸ்துமா, இதயம் என்று ஏதாவது தொந்தரவு இருந்தால் மருத்துவரைக் கேள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் சொல்லாததை நீயாகச் சொல்லிக்கொள்ளாதே.

கடலாய்வாளராகப் பேர்பெற்ற பிரெஞ்சுக்காரர் ழாக் கூஸ்தோ விமானியாகப் போயிருக்க வேண்டியவர். ஒரு கார் விபத்தில் இரண்டு கையும் முறிந்து, வானம் கைநழுவியது. கை தேறுவதற்காகக் கடலில் நீந்தினார். கடற்படை நண்பர்களோடு நீர்க்கண்ணாடி போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டார், அவ்வளவுதான், ஆள் மேலே வரவே இல்லை! 1943-இல் எமில் காஞ்ஞானோடு சேர்ந்து அவர் உருவாக்கிய அக்வாலங் கருவியின் வாரிசுதான் நீ வாயில் கவ்வப்போவது.

இன்னொன்று. கட்டைவிரலை உயர்த்தினால் கரையில் 'சூப்பர்'. கடலுக்கடியில் அதற்கு 'மேலே போவோம்' என்று அர்த்தம். யார் வேண்டுமானாலும், எந்த நொடியிலும், காரணம் சொல்லாமல் அதைக் காட்டலாம். காட்டிவிட்டால் கூட வந்தவனும் மறுபேச்சில்லாமல் ஏறியாக வேண்டும். மலையேறப் போனாலும் மச்சான் தயவு வேண்டும் என்பார்கள், கடலில் இறங்கினாலும் அதேதான். விரலைக் காட்டியதற்காகக் கேலி செய்கிறவனோடு போகாதே. அவனைச் செருப்புக்குக் காவல் வை.

இப்போது கண்ணாடியில் எச்சில் துப்பித் தேய்த்து அலசு, ஆவி படியாது. கடலுக்கு முதுகு காட்டி விளிம்பில் உட்கார். ஒரு கையால் முகமூடியையும் வாய்க்குழாயையும் அழுத்திப் பிடி. சாய்!

காது அடைத்தால் மூக்கைப் பிடித்து மெல்ல ஊது. பவளம் உயிருள்ளது, எதையும் தொடாதே. கீழே போனதும் கறுக், கறுக் என்று ஒரு சத்தம் கேட்கும். கிளிமீன் பாறையைக் கொறிக்கும் சத்தம். உன் நண்பர்கள் ஆமையைப் பற்றிச் சொன்னார்கள், இதைச் சொன்னார்களா? நீயே போய்க் கேட்டுவிட்டு வா. செருப்பைப் படகுக்காரர் பார்த்துக்கொள்வார்.