நான்காம் தொழில்

ஐந்தொழில் படிப்பிக்கும்போது பிள்ளைகள் நான்காவதில்தான் நிற்பார்கள். படைத்தல், காத்தல், அழித்தல் மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். உடுக்கை, அபயகரம், நெருப்பு என்று நடராசர் படத்தில் விரலும் வைப்பார்கள். மறைத்தலைக் காட்டும் ஊன்றிய திருவடிக்கு வந்ததும் ஒருத்தி எழும்புவாள்: "சாமி ஏன் ரீச்சர் ஒளிக்க வேணும்?" ஆன்மாக்கள் தங்கள் வினையை அனுபவித்துத் தீர்ப்பதற்காக இறைவன் மறைத்து நிற்கிறான், பக்குவம் வந்ததும் அந்த மறைப்பே அருளாக மாறும் என்று பாடப்புத்தகத்தில் உள்ளதைச் சொல்லி இருத்திவிடுவேன். சோதனைக்கு அது போதும். சிவஞானபோதத்தின் பன்னிரண்டு சூத்திரத்தையும் உரையோடு வாசித்த எனக்கும் அதற்கு மேலே போகத் தேவை வந்ததில்லை. ஓய்வு பெற்று, வீட்டு முன்னறைக்கு ஒரு கொம்பியூட்டர் வந்த பிறகுதான் வந்தது.

லண்டனில் இருக்கும் என் பெறாமகன் அதைப் பூட்டித் தந்தான். "சின்னம்மா, எங்கடை ஆக்களின்ரை படமெல்லாம் உலகம் முழுக்கச் சிதறிக் கிடக்குது. நீங்கள் சும்மாதானே இருக்கிறியள், ஒரு இடத்திலை சேருங்கோ." ஓய்வு பெற்ற ஆசிரியையைப் பார்த்துச் சும்மா இருக்கிறாய் என்று சொல்ல இந்தத் தலைமுறைக்குத்தான் துணிவு. ஆனாலும் அவன் சொன்னது சரி. எங்கள் வல்வெட்டித்துறையில் பாதிப்பேருக்கு ஒரு கால் திருச்சியில், மற்றக் கால் லண்டனிலோ ரொறன்ரோவிலோ. படங்களும் அப்படித்தான்.

யாழ்ப்பாண நூலகம் 1981இல் எரிந்ததைச் சொல்லாமல் எங்கள் பக்கத்தில் ஆவணம் பற்றிய எந்தப் பேச்சும் தொடங்காது. நான் அதைச் சொல்லி முடித்ததாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த ஊரில் வீட்டுக்கு வீடும் ஒரு கதை இருக்கிறது. 1989 ஆகஸ்டில் எரிந்த வீடுகளோடு எத்தனை அல்பம் போயிற்று என்று யார் கணக்கெடுத்தார்கள்? மிஞ்சிய படங்களைப் பார்த்தால் ஒன்று விளங்கும். பத்திரமாக அலுமாரியில் பூட்டி வைத்தவை போய்விட்டன. கடிதத்தோடு வெளியூருக்கு அனுப்பியவை பிழைத்துக்கொண்டன. அம்மாவின் கல்யாணப் படம் எங்களுக்குத் திருச்சியிலிருந்துதான் திரும்பி வந்தது. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று படக்காரர்கள் இப்போது ஒரு விதி சொல்கிறார்கள். பெறாமகன் அதை எனக்குப் புதிதாகப் படிப்பித்தபோது, தமக்கைக்கு உறைக்குள் படம் வைத்து அனுப்பிய அம்மம்மாவை நினைத்துக்கொண்டேன்.

வேலையைச் சொல்கிறேன். ஃபோல்டரின் பெயரில் ஆண்டை முதலில் போட வேண்டும், பிறகு மாதம், பிறகு நாள், அதற்குப் பின்னால்தான் விசயம். அப்படிப் போட்டால் கொம்பியூட்டர் தானாகவே கால வரிசையில் அடுக்கிவிடும். திகதி தெரியாத படத்துக்கு ஆண்டை மட்டும் போட்டு 'அளவில்' என்று சேர்ப்பேன். கமராவின் கடிகாரத்தை நம்பக்கூடாது. பற்றரி கழன்று மாட்டிய கமரா தான் பிறந்த ஆண்டுக்கே போய்விடும். ஸ்கான் செய்த படமோ ஸ்கான் செய்த நாளைத் தன் பிறந்தநாளாகச் சொல்லும். ஆகவே பழைய படம் என்றால் பின்பக்கத்தையும் சேர்த்து ஸ்கான் செய்கிறேன். ஸ்ரூடியோ முத்திரையும் அம்மம்மாவின் பென்சில் எழுத்தும் அங்கேதான் இருக்கின்றன. வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் அளவில் சுருங்கி, எடுத்த நாளும் உதிர்ந்துதான் வரும். ஆவணமாக இணைத்து அனுப்பச் சொல்லி எல்லோரையும் நச்சரிப்பதால் குடும்பக் குழுவில் எனக்கு நல்ல பெயர் இல்லை.

எங்கள் ஊரில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகம் வரை போனது. அதன் படம் ஊர்க் குழுக்களில் சுற்றும்போது பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கைமாற்றத்திலும் பாய் இன்னும் மங்கும், கீழே எழுதிய ஆண்டு மாறும், கப்பலில் நின்றவர்களின் சந்ததி மட்டும் கூடிக்கொண்டே போகும். எங்கிருந்து வந்தது என்று எழுதாத படம் இரண்டு தலைமுறையில் புராணமாகிவிடும். புராணம் படிப்பித்தவள் நான், அதில் எனக்கு வெறுப்பில்லை. ஆனால் ஃபோல்டருக்குள் வேண்டாம்.

கடற்காற்றில் எல்லாம் கறள் பிடிக்கும் ஊர் இது. வெளி ஹாட் டிஸ்க்கைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு வைக்கிறேன். 2022 மார்ச் முடிவில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்சாரம் நின்ற காலத்தில், பிரதி எடுப்பதற்கு நான் அலாரம் வைத்து எழும்பியிருக்கிறேன். இதெல்லாம் காத்தல். இதில் ஞானம் ஒன்றும் இல்லை, ஒழுங்கு இருந்தால் போதும்.

சிக்கல் தொடங்கியது அழித்தலில். ரொறன்ரோவில் இருக்கும் பெறாமகளின் கல்யாணம் முறிந்து சில காலத்துக்குப் பிறகு அவள் எடுத்துச் சொன்னாள்: "அந்தக் கல்யாண வீட்டுப் படம் எல்லாத்தையும் அழிச்சுப் போடுங்கோ சின்னம்மா. ஒண்டும் இருக்கக்கூடாது." அவளுடைய கல்யாணம், அவளுடைய முகம், அவள் சொல்ல உரிமையுண்டு. ஆனால் அந்தப் படங்களில் மணவறைக்குப் பக்கத்தில், சால்வை போட்டு, நிமிர்ந்து இருப்பவர் என் அப்பா. அவர் நிமிர்ந்து இருந்த கடைசிப் படம் அது. அவருக்குப் பின்னால் நிற்கும் இரண்டு கிழவிகளுக்கு வேறு படமே இல்லை. ஒரு படத்துக்கு எத்தனை சொந்தக்காரர்?

அன்றைக்குத்தான் பெறாமகனிடம் கேட்டேன், அழித்தால் படம் எங்கே போகிறது என்று. பழைய வகை ஹாட் டிஸ்க்கில் எங்கேயும் போவதில்லையாம். அட்டவணையில் இருந்த பெயர் மட்டும் நீங்கி, அந்த இடம் 'வெறுமை' என்று குறிக்கப்படுமாம். வேறொன்று வந்து மேலே எழுதப்படும் வரை படம் அங்கேயே கிடக்குமாம், தெரிந்தவர்கள் மீட்டும் எடுப்பார்களாம். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளது அழியாது, இல்லாதது தோன்றாது என்ற சற்காரியவாதத்தைப் பத்தாம் வகுப்புக்கு விளங்கப்படுத்த நான் எத்தனை மண்குடத்தை உடைத்திருப்பேன்! சித்தாந்தத்தில் சங்காரம் என்பது ஒடுக்கம்தான். உலகம் மாயையில் ஒடுங்கி, காலம் வந்ததும் மீளத் தோன்றும். "புது வகை டிஸ்க்கிலை அப்பிடி இல்லைச் சின்னம்மா, அழிச்சால் கெதியிலை உண்மையாகவே துடைச்சுப் போடும்" என்றான். அப்படியென்றால் புது வகை டிஸ்க் சைவம் இல்லை என்றேன். அவனுக்கு விளங்கவில்லை.

சிரிப்பை விடுவோம். படைக்கவும் காக்கவும் அழிக்கவும் இந்தப் பெட்டிக்கு நன்றாகத் தெரியும். மறைக்கத்தான் தெரியாது. மனித மனம் தானாகவே செய்யும் வேலை அது. நாள் போகப் போக ஒரு முகம் பின்னுக்குப் போகும், பிறகு ஒரு நாள் நோகாமல் திரும்பி வரும். பெட்டியோ அப்பாவின் பிரேதத்தையும் பேத்தியின் முதற் பல்லையும் ஒரே பளிச்சென்ற வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் காட்டும். "இதே நாளில், சில ஆண்டுகளுக்கு முன்" என்று ஃபோன் காலையில் எடுத்து நீட்டுகிறதே, அதற்குப் பக்குவம் பார்க்கத் தெரியுமா? சாத்திரத்தில் இந்த மறைத்தலைத் திரோதானம் என்று சொல்லி மலங்களோடு சேர்த்து எண்ணுவார்கள். அருளின் ஒரு பக்கத்தை ஏன் அழுக்குகளோடு வைத்தார்கள் என்பது பழைய கேள்வி. அழுக்கோடு நின்று வேலை வாங்குவதால் அந்தப் பெயர் என்பது உரைகாரர் பதில். உண்மையிலேயே அழுக்கான வேலைதான். மறைக்கிறவருக்கு நல்ல பெயர் கிடைக்காது.

எங்கள் வழக்கங்கள் இதை நெடுங்காலமாகத் தெரிந்து வைத்திருக்கின்றன. ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் கல்வெட்டு அடித்துக் கொடுப்போம்: முன்பக்கத்தில் நல்ல படம் ஒன்று, திதி வெண்பா, திருமுறை, வம்சாவழி. இன்று நூலகம் நிறுவனம் இப்படிப்பட்ட நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்து வைக்கிறது. 2005இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு நானும் அம்மாவின் கல்வெட்டைக் கொடுத்திருக்கிறேன். கவனியுங்கள், இறந்தவரின் ஆயிரம் கோலத்தில் ஒன்றைத்தான் ஊருக்குக் கொடுக்கிறோம். திவசத்திலும் அப்படித்தான். தந்தை, பாட்டன், பூட்டன் என்று மூன்று தலைமுறைக்குப் பெயர் சொல்லிப் பிண்டம் வைப்பார்கள். அதற்கு மேலே பொதுவில் பிதிர்கள். பூட்டனின் தகப்பன் பெயர் இழந்து போவதை அவமரியாதை என்று எந்தக் குருக்களும் சொன்னதில்லை. என் டிஸ்க்கில் பதினான்கு தலைமுறைக்கு இடம் உண்டு. அவ்வளவு பேரையும் முகத்தோடு சுமக்கப்போகும் பிள்ளையை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

சித்திராப் பௌர்ணமி எங்கள் ஊரில் இரண்டு முகம் கொண்ட நாள். முத்துமாரி அம்மனுக்கு அன்றைக்குத் தீர்த்தம், இந்திர விழா, ஊர் முழுக்க வெளிச்சம். தாயில்லாதவர்களுக்கோ அது விரத நாள். அன்று யாழ்ப்பாணத்துக் கோயில்களில் எமனின் கணக்கரான சித்திரபுத்திரனாரின் கதை படித்துக் கஞ்சி வார்ப்பார்கள். அவரைப் பற்றி எனக்கு எப்போதும் பிடித்தது, அவர் ஒன்றையும் அழிப்பதில்லை. ஆனால் ஒருவருக்கும் காட்டுவதும் இல்லை. எமன் கேட்கும்போது மட்டும் ஏடு திறக்கும். முழுக்கணக்கும் உண்டு, முழுமறைப்பும் உண்டு. இரண்டும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நினைத்திருந்த எனக்கு, பெறாமகளின் கல்யாணப் படங்களை வைத்துக்கொண்டு யோசித்தபோது அப்படி இல்லை என்று பட்டது.

அவற்றை நான் அழிக்கவில்லை. அழித்தேன் என்று பொய்யும் சொல்லவில்லை. அப்பாவையும் கிழவிகளையும் வெட்டித் தனிப் பிரதி எடுத்து வெளியில் வைத்தேன். மூலத்தைக் கடவுச்சொல் போட்டு வேறொரு ஃபோல்டருக்குள் விட்டேன். அவளிடம் சொன்னபோது கோபப்பட்டாள். பிறகு, "எனக்குக் காட்டாதேங்கோ" என்றாள். அது கட்டளையா சம்மதமா என்று நான் கேட்கவில்லை. ஒரு நாள் அவளுக்கே ஒரு மகள் பிறந்து கேட்டால் திறக்கலாம். கேட்காமலே போனாலும் நட்டமில்லை. கடவுச்சொல்லை ஒரு உறையில் எழுதி என் நகைப் பெட்டிக்குள் வைத்திருக்கிறேன். யார் எப்போது எதைப் பார்க்கலாம் என்று தீர்மானிக்க நான் யார் என்ற கேள்வி இல்லாமல் இல்லை. ஆணவ மலத்தைப் படிப்பித்தவளுக்கு அது தெரியாதா? ஆனால் ஒழுங்குபடுத்தாமல் விட்டாலும் அந்தத் தீர்மானம் நடக்கும். ஃபோன் செய்யும், அல்லது விளம்பரக்காரன் செய்வான்.

என்னால் எங்கும் அடுக்க முடியாத படம் ஒன்று உண்டு. என் மச்சாளின் மகன், 2009 மேயில் வன்னியில் காணாமல் போனவன். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெருப்பித்தது. நான் 'இருப்போர்', 'மறைந்தோர்' என்று இரண்டு வகை வைத்திருந்தேன். அவன் இரண்டுக்குள்ளும் வரமாட்டான். மச்சாள் அந்தப் படத்துக்கு மாலை போட விடமாட்டாள். திதி இல்லை, திவசம் இல்லை, கல்வெட்டு இல்லை. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, ஆளைக் காணவில்லை என்றே சான்றிதழ் கொடுக்க 2016இல் ஒரு சட்டம் வந்தது. அரசாங்கமே மூன்றாவது நிரல் கீறிவிட்டது. சாத்திரத்தில் நான் தேடுகிறேன். இறைவன் மறைத்தால் பக்குவத்துக்காக, பிறகு காட்டுவதற்காக. மனிதர் மறைத்ததை எந்தத் தொழிலில் சேர்ப்பது? அதைத் திரோதானம் என்று மச்சாளுக்கு ஆறுதல் சொன்ன ஒருவரை அவள் வாசலிலேயே திருப்பி அனுப்பியதை நான் பார்த்தேன். அவள் செய்தது சரி. சித்தாந்தத்தை அப்படிக் கையாளக்கூடாது. மறைத்தவன் காட்டவும் கடமைப்பட்டவன். காட்டாதவனுடைய செயலுக்கு அருள் என்ற பெயரைக் கடன் கொடுக்க எங்களுக்கு உரிமை இல்லை.

ஆகவே வகையே வேண்டாம் என்று எடுத்துவிட்டேன். இப்போது ஆண்டு வரிசை மட்டும்தான். எல்லோரும் படம் எடுத்த ஆண்டில் நிற்கிறார்கள்.

சென்ற முறை ஊருக்கு வந்த பெறாமகன் இன்னொன்று சொன்னான். செயற்கை நுண்ணறிவிடம் அந்தப் படத்தைக் கொடுத்தால், இன்றைய வயதில் அவன் எப்படி இருப்பான் என்று வரைந்து தருமாம். இறந்துபோன தகப்பனைக் கல்யாணப் படத்துக்குள் நிற்க வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன், இது வேறு. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மச்சாள் முந்திக்கொண்டாள். "செய், தம்பி. ஆனால் நரை போட வேண்டாம் எண்டு சொல்லு."

அவள் கேட்டதை நான் மறுக்கவில்லை, அது என் படம் அல்ல. செய்தால் எங்கே வைப்பது என்று மட்டும் பெறாமகனோடு வாதாடினேன். அவன் இந்த ஆண்டுக்குள் போடச் சொல்கிறான், கோப்பு இந்த ஆண்டில்தானே பிறக்கிறது என்று. நான் ஒத்துக்கொள்ளவில்லை. 'கமரா எடுக்காதவை' என்று வேறாக ஒரு ஃபோல்டர் திறந்திருக்கிறேன். ஆண்டு வரிசைக்கு வெளியே. எப்படி வரையப்பட்டது, எந்தப் படத்திலிருந்து, யார் கேட்டது என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நரை பற்றியதையும் சேர்த்து.