ஒரு நாழி அரிசி

குழந்தை பிறந்த வீட்டுக்குப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டு. "என்ன குழந்தை?" என்பது முதலாவது. "சுகப் பிரசவந்தானே?" என்பது இரண்டாவது. இரண்டுக்கும் பதில் கிடைத்துவிட்டால் வந்தவர்களின் கவலை தீர்ந்தது. பிறகு மூக்கு யாரைக் கொண்டிருக்கிறது, நெற்றி யாரைக் கொண்டிருக்கிறது என்ற ஆராய்ச்சி தொடங்கிவிடும்.

சுகப் பிரசவம் என்ற சொல்லின் எதிரில் சற்று நின்று பார்க்க வேண்டும். வயிற்றைக் கீறாமல் குழந்தை பிறந்தது என்பதே அதற்கு நாம் வைத்திருக்கும் பொருள். சுகம் யாருக்கு என்று விசாரிப்பவர் இல்லை. முதல் பிரசவத்தில் பெரும்பாலான பெண்களுக்குப் பிறப்பு வழியில் சிறிதாகவோ பெரிதாகவோ ஒரு கிழிசல் உண்டாகிறது. சில சமயம் மருத்துவரே கத்தரியால் வழியை அகலப்படுத்துகிறார். பிறகு ஊசியும் நூலும் வருகின்றன. நாலு தையலோ, எட்டுத் தையலோ போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவளையும் சுகப் பிரசவம் ஆனவள் என்றே சொல்கிறோம். 'தையல்' என்ற சொல்லுக்குத் தமிழில் பெண் என்றும் ஒரு பொருள் உண்டு. அந்தச் சொல்லை ஆண்டவர்கள் இந்தப் பொருத்தத்தை நினைத்திருக்க மாட்டார்கள்.

அவளால் உட்கார முடியாது. ஒருக்களித்துப் படுத்தால்தான் கொஞ்சம் நிம்மதி. முதல் முறை மலங்கழிக்கப் போவதற்கு அவள் படும் பயம், பிரசவ வலிக்குப் பட்ட பயத்துக்குக் குறைந்ததல்ல. ஆனால் கூடத்தில் மனிதர்கள் நிறைந்திருக்கிறார்கள். மாமியார் பிரியமாகத்தான் கேட்கிறாள்: "ஏன் கண்ணு நின்னுக்கிட்டே இருக்கே? உட்காரேன்."

"இருக்கட்டும் அத்தை."

இந்த 'இருக்கட்டும்' என்ற ஒரு சொல்லில் எவ்வளவு புதைந்து கிடக்கிறது! கை ஒடிந்தவன் கட்டுப் போட்ட கையைத் தொட்டில்போல் தொங்கவிட்டுக்கொண்டு தெருவில் போகிறான். எதிரில் வருகிறவன் ஒதுங்கி வழிவிடுகிறான். இவள் காயம் யாருக்கும் காட்ட முடியாத இடத்தில் இருக்கிறது. சொல்லவும் நா எழாது. சொல்லாத துன்பத்தைத் தீர்க்கும் கடமை பிறருக்கு உண்டா? நம்மில் பெரும்பாலோர் நல்லவர்கள்தாம். கேட்டால் கொடுப்பவர்கள், கூப்பிட்டால் ஓடி வருபவர்கள். ஆனால் கேட்கவே முடியாத இடத்தில் இருப்பவளுக்கு அந்த நல்ல குணத்தால் என்ன பயன் என்பதுதான் என் கேள்வி.

அதற்கு விடை தேடும் முன், காயம் என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்வது நல்லது. சாதாரணக் கிழிசலானால் மேல் தோல் இரண்டு மூன்று வாரங்களில் கூடிவிடும். உள்ளே இருக்கும் தசை தேற ஆறு வாரமோ அதற்கு மேலோ ஆகும். கிழிசல் ஆசனவாய்த் தசை வரை போயிருந்தால் மாதக் கணக்கு. இந்நாளில் போடும் நூல் தானாகவே கரைந்துவிடும், பிரிக்க வேண்டியதில்லை. சிறுநீர் கழித்த பிறகெல்லாம் சுத்தமான நீரால் கழுவி, ஒற்றித் துடைத்து, ஈரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். தொட்டியில் இளஞ்சூடான நீர் விட்டு அதில் உட்கார்ந்தால் இதமாக இருக்கும். கீரையும் பழமும் நிறையத் தண்ணீரும் வேண்டும். சில வீடுகளில் பிள்ளை பெற்றவளுக்கு ஆகாது என்று தண்ணீரை அளந்து கொடுப்பார்கள். தண்ணீர் குறைந்தால் மலம் இறுகும்; மலம் இறுகினால் தையல் போட்ட இடம் உயிர் போக நோகும். காய்ச்சல் வந்தாலும், துர்நாற்றம் வீசினாலும், வலி நாளுக்கு நாள் குறையாமல் கூடினாலும், தையல் விட்டுப்போனாலும், மலசலத்தை அடக்க முடியாமல் போனாலும் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இவ்வளவும் சின்னச் சின்னக் காரியங்கள். ஆனால் ஒவ்வொன்றுக்கும் இன்னொருவர் கை வேண்டியிருக்கிறது.

அந்தக் காயத்திலும் ஒரு பகுதி கேளாமல் வந்தது. டப்ளின் நகரத்து மருத்துவர் ஃபீல்டிங் ஓல்டு 1742-ல் எழுதிய நூலில், மிகவும் கஷ்டமான பிரசவத்துக்குத்தான் இந்தக் கத்தரிப்பைச் சொன்னார். இருபதாம் நூற்றாண்டில் அது பல நாட்டு ஆஸ்பத்திரிகளில் வருகிறவர்களுக்கெல்லாம் செய்யும் வழக்கமாகிவிட்டது. கத்தரித்தால் கிழிசல் குறையும், சீக்கிரம் ஆறும் என்று நம்பினார்கள். பின்னால் ஆராய்ந்து பார்த்ததில் அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. எல்லோருக்கும் வழக்கமாகக் கத்தரிப்பது கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2018-ல் சொல்லிவிட்டது. அவசியமான சமயம் உண்டு. அப்போதும் அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிச் சம்மதம் பெற வேண்டும். உடம்பு அவளுடையதல்லவா?

இனி என் கேள்விக்கு வருகிறேன். அதற்கு விடை சொல்லும் ஓர் ஊர் நமக்கு அருகிலேயே இருக்கிறது. காஞ்சிபுரத்துக்கும் செங்கற்பட்டுக்கும் நடுவே, பழைய சீவரத்துக்கு எதிர்க்கரையில், பாலாற்றோடு செய்யாறும் வேகவதியும் கலக்கும் இடத்தில் இருக்கிறது திருமுக்கூடல். அங்கே வெங்கடேசப் பெருமாள் கோயில் மதிலில் ஒரு நீண்ட கல்வெட்டு. 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. கோயிலோடு சேர்ந்த வேதப் பள்ளிக்கும், மாணாக்கர் விடுதிக்கும், வீரசோழன் என்று பெயரிட்ட ஆதுலசாலைக்கும் நடக்க வேண்டிய செலவைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

ஆதுலசாலை என்றால் ஆஸ்பத்திரி. பதினைந்து படுக்கை. ஒரு வைத்தியர், அறுவைச் சிகிச்சை செய்ய ஒருவர், மூலிகை கொண்டு வர இருவர், நோயாளிகளைக் கவனித்து மருந்து கொடுக்கப் பெண்கள் இருவர், ஒரு நாவிதர். ஒவ்வொருவருக்கும் இவ்வளவு நெல், இவ்வளவு காசு என்று கணக்கு. ஓராண்டுக்கு இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல் தனியே இருக்கிறது. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம் என்று ஏறக்குறைய இருபது பெயர்கள். இரவில் எரிய ஒரு விளக்குக்குக்கூட ஒதுக்கியிருக்கிறார்கள். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு நாள் ஒன்றுக்கு ஒரு நாழி அரிசி.

இது கோயிலையும் பள்ளியையும் சேர்ந்தவர்களுக்கான இடம். பிரசவத்துக்கென்று ஒரு படுக்கையும் அந்தக் கல்லில் இல்லை. அப்படி ஒன்றுக்கு மானியம் விட்ட செய்தியை ஆந்திர நாட்டு மல்காபுரத்தில் 1261-ல் வெட்டிய காகதீயர் கல்வெட்டில் பார்க்கிறோம். அங்கே பிரசூதிசாலை என்றே பெயர். ஆகவே திருமுக்கூடலில் பிள்ளை பெற்றார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. அந்த நாழி அரிசியின் தன்மைதான் என்னைப் பிடித்து நிறுத்துகிறது. அது பிச்சையல்ல. வைத்தியரின் இரக்கமும் அல்ல. அங்கே படுத்தவன் 'ஐயா, பசிக்கிறது' என்று வாய் திறப்பதற்கு முன்பே அது அளந்து வைக்கப்பட்டுவிட்டது. நோயாளி நல்லவனா, பொறுமைசாலியா, கேட்கத் தெரிந்தவனா என்ற பேச்சே எழவில்லை. படுத்திருக்கிறான், அதனால் அரிசி உண்டு. கேட்க முடியாதவரிடம் நமக்குள்ள கடமை இந்த மாதிரியானது என்று நினைக்கிறேன். அவர் கேட்கும்வரை காத்திருக்கும் அன்பு, எவ்வளவு பெரியதானாலும், இந்த நாழி அரிசிக்கு ஈடாகாது.

இதற்கு வீட்டிலேயே ஆட்சேபம் எழும். "எங்க காலத்திலே பிள்ளை பெத்த மூணாம் நாள் மாவரைச்சோம்" என்பாள் பாட்டி. பொய்யில்லை. ஆனால் அப்படிச் சொல்ல உயிரோடு இருப்பவர்களின் சாட்சியம் அது. பிழைக்காதவர்கள் வந்து எதிர்ச்சாட்சி சொல்ல முடியாது. பிழைத்தவர்களிலும், இருமினால் சிறுநீர் கசிவதையும், கருப்பை கீழே இறங்கிவிட்டதையும் முப்பது வருஷம் புடவைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, வயதானால் இப்படித்தான் என்று தங்களைத் தேற்றிக்கொண்டவர்கள் எத்தனை பேர்! பாட்டியின் 'இருக்கட்டும்' இன்னும் முடியவில்லை. பேத்தியிடமும் அதையே எதிர்பார்க்கிறாள், அவ்வளவுதான்.

இன்னொரு யோசனை இதைவிடச் சிக்கலானது. பழைய வழக்கத்தில் பிள்ளை பெற்றவளுக்கு ஓய்வு இருக்கத்தான் இருந்தது. தீட்டு என்று ஒதுக்கி வைத்தார்கள். அடுப்படிக்கு வரக்கூடாது, கிணற்றடிக்கு வரக்கூடாது. பத்து நாளோ நாற்பது நாளோ அவள் யாரையும் கேட்காமலே வேலையிலிருந்து விடுதலை பெற்றாள். காரணம் அவமானமானது, காரியத்தில் ஒரு நன்மை ஒளிந்திருந்தது. படித்தவர்களாகிய நாம் தீட்டைத் தள்ளினோம். தள்ள வேண்டியதுதான். ஆனால் பல வீடுகளில் அதோடு ஓய்வும் வெளியே போய்விட்டது. ஏழாம் நாள் அவள் காப்பிக் கலந்துகொண்டிருக்கிறாள். நாமும் முற்போக்கு என்று மகிழ்ந்து குடிக்கிறோம்.

தவறான காரணத்துக்காகச் செய்த நல்ல காரியத்தை என்ன செய்வது? காரியத்தை வைத்துக்கொண்டு சரியான காரணத்தைத் தேடிக் கொடுப்பதே முறை. அவள் தொடக்கூடாதவள் என்பதற்காக அல்ல, காயம் பட்டவள் என்பதற்காக ஓய்வு. இரண்டுக்கும் நடைமுறையில் பெரிய வேறுபாடு உண்டு. தீட்டு, மற்றவர்களைத் தள்ளி நிற்கச் சொல்லும். ஆதுலசாலையோ, அருகில் இருந்து பார்த்துக்கொள்ள இரண்டு பெண்களைச் சம்பளம் கொடுத்து நியமித்தது.

சட்டமும் மெல்ல இந்த வழிக்கு வந்திருக்கிறது. பிரசவமான ஆறு வாரத்துக்குப் பெண்ணை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 1919-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேசத் தொழிலாளர் மாநாடு முடிவு செய்தது. நம் நாட்டில் 1961-ல் வந்த மகப்பேறு நலச் சட்டமும் ஆறு வாரம் என்றே விதித்தது. சம்பளத்தோடு கூடிய விடுப்பு 2017-ல் 26 வாரமாயிற்று. தமிழ்நாட்டில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரால் ஏழைத் தாய்மார்களுக்குப் பண உதவி ஏற்பட்டது. கேட்காமல் கிடைக்கும் நாழி அரிசிகள் இவை.

ஆனால் விடுப்பு கொடுக்க ஒரு முதலாளி வேண்டும். திருமுக்கூடலிலிருந்து காஞ்சிபுரம் வெகு தூரமில்லை. அங்கே பல வீடுகளில் தறி, வீட்டுக்குள்ளேயே குழியில் இருக்கிறது. கோர்வைப் புடவையில் கரையையும் உடலையும் இணைத்து நெய்ய, நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஆள் உட்கார்ந்து நாடா தள்ள வேண்டும். பல சமயம் அந்த ஆள் மனைவி. தார் சுற்றுகிறவளும் அவளே. அவள் யாரிடம் விடுப்பு மனு கொடுப்பாள்? சம்பளமில்லாமல் அடுப்படியில் நிற்கும் நடுத்தர வீட்டு மருமகளுக்கும் இதே கதிதான். அந்த வீடுகளில் கல்வெட்டு வெட்ட வேண்டியவர்கள் வீட்டுக்காரர்களே.

குழந்தை பிறப்பதற்கு முன்பே கணவனும் பெரியவர்களும் உட்கார்ந்து ஒரு கணக்குப் போட்டுவிடலாம். தண்ணீர் காய்ச்சுகிறவர் யார், துணி துவைக்கிறவர் யார், இரவில் பால் கொடுத்தபின் குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்பவர் யார், சமையல் எத்தனை வாரம் யாருடையது என்று பெயர் சொல்லி எழுதிவிடலாம். பிரசவமான மூன்றாம் நாள், இரண்டாம் வாரம், ஆறாம் வாரம் என்று தாயைப் பரிசோதிக்கும்படி உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தையின் தடுப்பூசிக்கு நாள் குறிக்கும் அதே காலண்டரில் அந்த நாட்களையும் குறித்துவிடலாம். ஆறாம் வாரம் தடுப்பூசிக்குப் போகும்போது பிள்ளையை அப்பா தூக்கிக்கொள்ளட்டும். அம்மா, மருத்துவரிடம் தனக்காக ஒரு சீட்டு எழுதி வாங்கட்டும்.