ஒருவேளைச் சோறும் திருவருட்பாவும்

1860ஆம் ஆண்டு முடியும் தறுவாயில், இறுக்கம் இரத்தின முதலியார் என்ற அன்பர் ஒரு விரதம் பூண்டார். கருங்குழியில் தங்கியிருந்த, வள்ளலார் எனப்படும் இராமலிங்கர் தம் பாடல்களை அச்சுக்குத் தரச் சம்மதிக்கும்வரை நாளுக்கு ஒருவேளைதான் சாப்பிடுவது என்று வைத்துக்கொண்டார். அதற்கு முன் எத்தனையோ முறை கேட்டாயிற்று. பிடி கொடுக்காமலே இருந்தவர், இந்தச் செய்தி எட்டியதும் பதறிப்போனார். முதலில் விரதத்தை விட்டு ஒழுங்காகச் சாப்பிடும்படியும், பாடல்களை அனுப்பிவைப்பதாகவும் பதில் எழுதினார். அந்தக் கடிதப் போக்குவரத்து வள்ளலாரின் திருமுகத் தொகுப்பில் இன்றும் படிக்கக் கிடைக்கிறது.

அச்சேற்றத் தயங்கிய இந்த மனிதர் அச்சு உலகை அறியாதவர் அல்லர். சுதேசிகள் அச்சுக்கூடம் நடத்த இருந்த தடை 1835இல் நீங்கிய பிறகு, சென்னையில் தமிழ்ப் புத்தகங்கள் மளமளவென்று வெளிவரத் தொடங்கியிருந்தன. ஏழுகிணறு வீராசாமித் தெருவில் குடியிருந்தபோதே அவர் ‘ஒழிவிலொடுக்க’த்தை 1851இல் பதிப்பித்தார். 1854இல் அவர் எழுதிய ‘மனுமுறை கண்ட வாசகம்’ வெளிவந்தது. முன்னோர் நூலைத் திருத்தி ஊருக்குக் கொடுக்கக் கை கூசவில்லை. கதையை உரைநடையில் சொல்லவும் கூசவில்லை. திருவொற்றியூர்ச் சந்நிதியில் நின்று உருகிப் பாடியவற்றை வெளியில் விடத்தான் மனம் வரவில்லை.

அந்தத் தயக்கத்துக்குள் ஒரு நியாயமான சமயக் கேள்வி இருக்கிறது. கடவுளிடம் தனியே அழுததை மற்றவர் படிக்கக் கொடுப்பது தகுமா? கொடுத்தால் அது பெயருக்கு ஆசைப்பட்டதாகிவிடாதா? கொடுக்காமல் மூடி வைத்தால் அதுதான் அடக்கமா? தமிழ்நாட்டில் எத்தனையோ வீடுகளில் கோடு போட்ட நோட்டுகளில் பாடல்களும் தியானக் குறிப்புகளும் நிரம்பிக் கிடக்கின்றன. பிள்ளையார் சுழியோ சிலுவைக் குறியோ போட்டு, தேதி எழுதி, அடித்துத் திருத்திய பக்கங்கள். “நமக்கென்ன தெரியும், இதையெல்லாம் யாரிடம் காட்டுவது?” என்று அவற்றை எழுதியவர் சொல்லும்போது கேட்பவர்கள் அதைப் பணிவு என்று மெச்சுகிறார்கள். பல நேரங்களில் அது பயம். பயத்துக்குப் பணிவின் சட்டையைப் போட்டுவிட்டால் பிறகு அதை யாரும் கேள்வி கேட்பதில்லை.

சைவ சித்தாந்தம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஆணவம் என்றால் தலைக்கனம் என்றுதான் பேச்சுவழக்கில் பொருள். சித்தாந்தம் சொல்லும் ஆணவ மலம் அதைவிடப் பெரியது. உயிருக்கு இயல்பாக உள்ள அறிவையும் ஆற்றலையும் மறைத்து, அதைச் சிறுத்துப்போகச் செய்வது அந்த மலத்தின் வேலை. அப்படியானால் ‘என்னைப்போல் யாருண்டு’ என்று நிமிர்ந்து நிற்பவனிடம் மட்டுமல்ல, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று சுருண்டு கிடப்பவனிடமும் அதே மலம் வேலை செய்கிறது என்று கொள்ள இடமிருக்கிறது. இரண்டு பேரும் நாள் முழுக்கத் தங்களையேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதப்பட்ட விஷயத்தையும் அது யாருக்குத் தேவைப்படும் என்பதையும் பார்க்க இருவருக்குமே நேரம் கிடைப்பதில்லை.

சரி, பயம் போகும்வரை காத்திருக்கலாமா? தமிழ் மரபு அப்படிச் சொல்லவில்லை. ஐயத்தை நூலுக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டது. நூலின் தொடக்கத்தில் அவையடக்கம் பாடுவது புலவர்க்கு வழக்கம். பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்ட பூனையாகத் தன்னைச் சொல்லிக்கொள்கிறார் கம்பர். சொல்லிவிட்டு எழுத்தாணியைக் கீழே வைத்துவிடவில்லை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பாடி முடித்தார். அவையடக்கம் வெறும் சம்பிரதாயம் என்று தள்ளிவிடுபவர்கள் உண்டு. ஆனால் ஒரு சம்பிரதாயத்தை இத்தனை நூற்றாண்டுகள் காப்பாற்றி வந்ததற்குக் காரணம் இருக்க வேண்டும். ஐயம் தனக்கு மட்டும் வந்த நோய் என்று எந்தப் புலவரும் நினைக்க வேண்டியதில்லை என்பதே அந்தக் காரணமாக இருக்கலாம். அதற்கு நான்கைந்து பாடல்கள் ஒதுக்கிவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

கச்சியப்ப சிவாச்சாரியாரைப் பற்றிய மரபுக் கதை இன்னும் நெருக்கமாகப் பேசுகிறது. காஞ்சிபுரம் குமரகோட்டத்தில் அர்ச்சகராக இருந்த அவர், கந்தபுராணத்தை எழுத எழுத அன்றன்றைய ஏட்டை முருகன் திருவடியில் வைத்து நடை சாத்திவிட்டுப் போவாராம். காலையில் கதவைத் திறந்தால் ஏட்டில் திருத்தம் இருக்குமாம். முதல் சொல்லை எடுத்துக் கொடுத்ததே முருகன்தான் என்பார்கள். இவ்வளவு இருந்தும், அரங்கேற்றத்தன்று அந்த முதல் சொல்லிலேயே புலவர் ஒருவர் தடை எழுப்பினார். அங்கே சொற்கள் புணர்ந்த விதத்துக்கு இலக்கண விதி காட்டச் சொன்னார். கச்சியப்பர் வாயடைத்துப் போனார். மறுநாள் சோழ நாட்டிலிருந்து வந்த ஒருவர் வீரசோழியத்தில் அதற்கான விதியைக் காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் மேலே நடந்தது.

நடந்ததா இல்லையா என்பது இருக்கட்டும். இந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவந்தவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கிறது. தெய்வமே திருத்திக் கொடுத்த நூலானாலும் அவையில் யாராவது ஒருவர் கையைத் தூக்கத்தான் செய்வார். குற்றம் சொல்ல இடமே இல்லாத எழுத்தைத்தான் வெளியிடுவேன் என்று உட்கார்ந்தால் முருகனாலும் உதவ முடியாது. இன்னொன்றும் கதையில் இருக்கிறது. கச்சியப்பருக்கு வந்த விடை அவர் வீட்டில் பூட்டிக்கொண்டு யோசித்ததால் வரவில்லை. அவைக்குக் கொண்டுபோனதால், முன்பின் தெரியாத ஒருவரிடமிருந்து வந்தது.

தமிழுக்கு வெளியிலும் இப்படி ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் நார்விச் நகரில் தேவாலயத்தை ஒட்டிய சிற்றறையில் தனித்து வாழ்ந்த ஜூலியன், 1373 மே மாதம், முப்பது வயதில், சாகக் கிடந்தபோது பதினாறு காட்சிகள் கண்டார். அவற்றை முதலில் சுருக்கமாக எழுதினார். பெண் போதிக்கக் கூடாது என்று திருச்சபை சொன்ன காலம். ஆகவே, நான் போதகி அல்ல என்று முன்கூட்டியே சமாதானம் சொல்லி, பெண் என்பதற்காகக் கடவுளின் நன்மையைச் சொல்லாமல் இருக்க வேண்டுமா என்றும் கேட்டார். பிறகு சுமார் இருபது ஆண்டுகள் அதே காட்சிகளை மனத்தில் போட்டுப் புரட்டி, பல மடங்கு விரிவாகத் திரும்ப எழுதினார். அந்த விரிவான நூலில் பெண் என்பது பற்றிய சமாதானம் காணோம். யாரோடும் வாதாடி வென்று அதை அவர் நீக்கியதாகத் தெரியவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் பெரிதாக வளர்ந்தபோது தன்னைப் பற்றிப் பேச இடமில்லாமல் போயிருக்க வேண்டும்.

வள்ளலாரிடம் நடந்ததும் ஏறக்குறைய இதுவே. ‘நான் தகுதியானவனா’ என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிட்டதால் அவர் இணங்கவில்லை. கேட்டவர் அரைப்பட்டினி கிடந்தார். பசியைப் பொறுக்க முடியாத மனம் இணங்கியது. பார்வை தன்மேலிருந்து இன்னொருவர் வயிற்றுக்கு மாறிய அந்த இடத்தில்தான் தடை உடைந்தது. அவருடைய பாடல்களின் தொகுப்பான திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் தொழுவூர் வேலாயுத முதலியாரின் பதிப்பாக 1867இல் வெளிவந்தன. அதே 1867 மே 23இல் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கியது. அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பாட்டைக் கொடுத்ததும் சோற்றைக் கொடுத்ததும் ஒரே ஆண்டில் நடந்தவை.

இணங்கிய பிறகும் சில விஷயங்களில் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ‘இராமலிங்கசாமி’ என்று தன் பெயரைப் போடுவது தனக்குச் சம்மதமில்லை, அது ஆரவாரமாகத் தோன்றுகிறது என்று கடிதத்தில் கண்டிப்பாகச் சொன்னார். எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடவும் இல்லை. ஆறாம் திருமுறை அவர் காலத்துக்குப் பின், 1885இல்தான் அச்சானது. பகிர்வது என்றால் உள்ளதையெல்லாம் கொட்டிவிடுவது என்று நினைத்து மிரள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். எதை, யாருக்கு, எந்தப் பெயரில், எப்போது என்பதை எழுதியவர் தன் கையில் வைத்துக்கொள்ளலாம்.

அஞ்சியது நடக்காமலும் போகவில்லை. அருட்பா என்றும் திருமுறை என்றும் அந்தப் பாடல்களை அழைத்ததை யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் கடுமையாக எதிர்த்தார். தேவார திருவாசகங்களுக்கு உரிய மதிப்பை இன்னொருவர் பாட்டுக்குக் கொடுப்பது சைவத்துக்கு இழுக்கு என்பது அவர் தரப்பு. நாவலரும் சாதாரண மனிதர் அல்லர். ஏடுகளைத் தேடிப் பதிப்பிக்கவும் சைவத்தை நிலைநிறுத்தவும் வாழ்நாளையே கொடுத்தவர். கண்டன நூல்கள் இருபக்கமும் பறந்தன. 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை வழக்கு போனது. இரு பெரியவர்களும் மறைந்த பிறகும் அருட்பா மருட்பாச் சண்டை அடுத்த நூற்றாண்டுவரை நீண்டது. எழுத்தை வெளியிடுபவருக்கு நேரக்கூடிய மிக மோசமான வரவேற்பு என்று எதை நினைத்தாலும் அது ஏறக்குறைய இதுதான். வள்ளலார் பாடுவதை நிறுத்தவில்லை.

எழுதத் தயங்குபவர்களை அரிக்கும் இன்னொரு அச்சம் உண்டு: நாளைக்கு என் கருத்து மாறிவிட்டால் இன்று அச்சானது எனக்கு எதிராகவே சாட்சி சொல்லுமே! 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் சன்மார்க்கக் கொடியேற்றியபோது வள்ளலார் இதை நேராகவே எதிர்கொண்டார். சைவ சமயத்தின்மேல் தான் முன்பு வைத்திருந்த பற்றுக்கு அளவே இல்லை என்றும், அப்போது தன் அறிவு சிறிதாக இருந்ததே அதற்குக் காரணம் என்றும் கூடியிருந்தவர்களிடம் சொன்னார். அந்தப் பற்றுக்கு அவர் காட்டிய சாட்சி, ஆறு ஆண்டுகளுக்கு முன் புத்தகமாக வந்திருந்த அவருடைய சொந்தப் பாடல்கள். அவற்றைத் திரும்பப் பெறவும் இல்லை, கொளுத்தச் சொல்லவும் இல்லை. தான் எங்கிருந்து எவ்வளவு தூரம் வந்திருக்கிறேன் என்று அன்பர்களுக்குக் காட்ட அந்தப் பக்கங்கள் அவருக்கு அன்று தேவைப்பட்டன.